வெளிச்சம் நுழையாத பை

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கும்போதே அர்ச்சுனனுக்குக் கண்ணுக்குப் பின்னால் வலித்தது. முதல்நாள் சாயங்காலம் மழையில் நனைந்தபடி கோயில் மண்டபத்துக்கு முன்னால் கூடாரம் கட்டியதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார். மனைவி புஷ்பலீலா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சுடுதுங்க."

"நேத்து நனைஞ்சேன்ல, அதான்" என்று சொல்லிவிட்டு அவர் அலமாரியைத் திறந்து பனடோல் காய்ச்சல் மாத்திரை எடுத்துக் காப்பியோடு விழுங்கினார். அவள் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு என்ன நாள் என்று அவளுக்கும் தெரியும்.

பாலோ என்ற அந்தச் சிறிய ஊரிலும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களிலும் ரத்ததானம் என்றால் அர்ச்சுனன்தான். செம்பனை எண்ணெய் ஆலையில் மேற்பார்வையாளர் வேலை. பல வருடங்களுக்கு முன்னால் ஆலையில் ஒரு வங்காளதேசத் தொழிலாளியின் கை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டபோது, அவனுக்காக ரத்தம் கொடுக்கக் குளுவாங் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினார். அன்றைக்குப் பிடித்த பழக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கையை நீட்டினார். தான் கொடுத்ததோடு நிற்கவில்லை. தயங்குகிறவர்களை எல்லோருக்கும் முன்னால் கிண்டல் பண்ணியே கட்டிலில் படுக்க வைத்துவிடுவார். "பொண்டாட்டிக்கு பயப்படலாம், ஊசிக்கு பயப்படலாமாடா" என்று அவர் கேட்டால் கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குக் கூசியே பாதிப் பேர் வரிசையில் நின்றார்கள்.

அன்றைய முகாமில் அவர் கொடுக்கப்போவது ஐம்பதாவது தடவை. கோயில் தலைவர் தியாகராஜன் அர்ச்சுனன் படம் போட்டுப் பெரிய பேனர் அடித்து வைத்திருந்தார். சட்டமன்ற உறுப்பினர் வருவதாக இருந்தது. முதல் ஆளாக அர்ச்சுனன் படுத்து ரத்தம் கொடுக்க, பக்கத்தில் நின்று உறுப்பினர் மாலை போட, படம் பிடிக்க எல்லாம் ஏற்பாடு.

நர்சை அங்கே மிஸ்ஸி என்பார்கள். மேசையில் உட்கார்ந்திருந்த மலாய் மிஸ்ஸி சின்னப் பெண். இந்த ஒரு வாரத்தில் காய்ச்சல், இருமல் ஏதாவது உண்டா என்று மலாயில் கேட்டாள். "தாடா" என்றார் அர்ச்சுனன். இல்லவே இல்லை என்று தலையையும் ஆட்டினார். அவள் வெப்பமானியை நெற்றிக்கு நேரே பிடித்தாள். மாத்திரை தன் வேலையைச் செய்திருந்தது. ஆனாலும் அவள் அவருடைய கண்ணைப் பார்த்துவிட்டு, ஏன் அங்கிள் இவ்வளவு சிவந்திருக்கிறது என்று கேட்டாள். ராத்திரி ஷிஃப்ட் என்று சொல்லிச் சிரித்தார். முதுகுக்குப் பின்னால் சட்டமன்ற உறுப்பினர் வந்து நின்றுவிட்டார். கேமராக்காரர் ஒதுங்கி இடம் தேடிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் எழுந்து, எனக்கு உடம்பு சரியில்லை, நான் இன்றைக்குக் கொடுக்க முடியாது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வேண்டுமென்றே மறைத்தோமா, இல்லை உண்மையிலேயே வெறும் மழைச் சூடு என்றுதான் நம்பினோமா என்று பிற்பாடு அவர் தன்னைத்தானே எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார். கேட்கக் கேட்க முதல் பதில்தான் உறுதியாகிக்கொண்டு வந்தது.

ரத்தம் பைக்குள் இறங்கியது. கைதட்டினார்கள். மாலை விழுந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் ஆலையில் நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்து படுத்தவர், செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போனார். ஊசி குத்திப் பார்த்துவிட்டு டாக்டர் டெங்கி என்றார். ஆஸ்பத்திரியில் படுக்கத் தேவையில்லை, ஆனால் தினமும் வந்து ரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே அர்ச்சுனனுக்குத் தெரிந்துவிட்டது, அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்று. ரத்தம் கொடுத்தபின் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் எது வந்தாலும் ரத்த மையத்துக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முகாமிலும் மிஸ்ஸிமார்கள் சொல்லுவார்கள். அவர்கள் சொல்ல மறந்தால் அர்ச்சுனனே எழுந்து நின்று மைக்கில் சொல்லுவார். அந்த எண் அவருடைய கைப்பேசியிலேயே இருந்தது.

ஆனால் கூப்பிடவில்லை. மூட்டு மூட்டாக வலிக்கிறதே, கொஞ்சம் தணியட்டும் என்று நினைத்தார். கூப்பிட்டால் எப்போது முதல் காய்ச்சல் என்று கேட்பார்களே, ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்படி இருந்தது என்று கேட்பார்களே என்று நினைத்தார். ஐம்பது தடவை கொடுத்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று அவர்கள் கேட்காவிட்டாலும் மனசுக்குள் நினைப்பார்கள். ரத்தத்தை எல்லாம் அவர்கள் சோதித்துத்தானே கொடுப்பார்கள், கெட்டது என்றால் அவர்களே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். அது முழு உண்மை இல்லை என்று அவருக்குத் தெரியும். எய்ட்ஸுக்கும் மஞ்சள் காமாலைக்கும் சோதிப்பார்கள், டெங்கிக்கு ஒவ்வொரு பையையும் சோதிப்பதில்லை என்று அவரே பல கூட்டங்களில் விளக்கியிருக்கிறார்.

புதன்கிழமை சுகாதார இலாகா ஆட்கள் அவர்கள் குடியிருப்பான தாமானுக்குள் கொசுப் புகையடிக்க வந்தார்கள். எந்த வீட்டில் டெங்கி என்று தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டு, வெள்ளைப் புகை சாலையை மூடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே அர்ச்சுனன் படுத்திருந்தார். அக்கம்பக்கத்தார் பப்பாளி இலையும் இளநீரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரத்தம் கொடுத்தவர் ஆயிற்றே, உடம்பில் தெம்பு குறைந்திருக்கும், அதனால்தான் காய்ச்சல் பிடித்துக்கொண்டது என்று அவர்களாகவே ஒரு காரணம் சொல்லி வருத்தப்பட்டார்கள். அவர் மறுக்கவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் ஜெயபாலன் வந்தார். பக்கத்துச் சாலையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவர், அர்ச்சுனனைவிட இரண்டு மூன்று வயது இளையவர், சின்ன வயதிலிருந்து பழக்கம். அவருடைய மகள் ஷர்மினிக்கு அது தலைப்பிரசவம். புதன்கிழமை காலையில் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்தபின் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டர்கள் ஓடினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், பையாகப் பையாக ஏற்றினார்கள். சிவப்பு ரத்தம் மட்டும் போதாது, உறைய வைக்கும் சத்து உள்ள பிளாஸ்மாவும் வேண்டும் என்று சொல்லி மஞ்சளாக ஒன்றையும் ஏற்றினார்களாம். மாலைக்குள் பெண் கண் திறந்துவிட்டாள். ஜெயபாலன் நேற்று முழுவதும் எதுவும் சாப்பிடவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

கைப்பேசியில் பேரனின் படத்தைக் காட்டினார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அர்ச்சுனனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க அன்னைக்கு அந்த முகாம் நடத்தலன்னா எம்மக இன்னைக்கு இல்லண்ணே. ஷர்மினிக்கும் ஓ குரூப்புதான், உங்கள மாதிரியே. யாரு கண்டா, உங்க ரத்தமே அவளுக்குப் போயிருக்கலாம்."

அர்ச்சுனனுக்குக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இழுக்கவில்லை. காய்ச்சலால் அவர் கண் கலங்குகிறது என்று ஜெயபாலன் நினைத்துக்கொண்டு, ஓய்வெடுங்கள் அண்ணே என்று போர்வையை இழுத்துவிட்டார். மோட்டார் எண்ணெய் வாசம் அடிக்கும் அந்தக் கையால் அவருடைய காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வெளியே போனார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருக்கோடியில் மறைந்ததும் புஷ்பலீலா வந்து கதவருகே நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். 

"அன்னைக்குக் காலையில நான் தொட்டுப் பாத்தேங்க. நானுந்தான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். மேசைமேல் கிடந்த கைப்பேசியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "கூப்பிடுங்க."

ஜொகூர் பாருவில் இருந்த ரத்த மையத்தில் பேசியவர் டாக்டர் பிரீத்தி. அர்ச்சுனனின் பெயரை அவர் கேள்விப்பட்டிருந்தார். காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்டார். திங்கட்கிழமை என்று ஆரம்பித்த அர்ச்சுனன், மனைவி எதிரில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சூடு இருந்தது, மாத்திரை போட்டுக்கொண்டு வந்தேன், கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன் என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. இப்போது உடம்பு எப்படி இருக்கிறது, ரத்தம் சோதிக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டு, பையைத் தேடிப் பார்த்துவிட்டு நானே கூப்பிடுகிறேன் என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்று அர்ச்சுனனுக்குத் தோன்றியது.

ஒரு மணி நேரத்துக்குள் அழைப்பு வந்தது. அவருடைய ரத்தத்தை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சிவப்பணு ஒரு பை, பிளாஸ்மா ஒரு பை. இரண்டுமே போய்விட்டன. இரண்டும் நேற்று, வேறு வேறு ஆட்களுக்கு ஏற்றப்பட்டுவிட்டன.

"பிளாஸ்மாவப் பத்தி ரொம்பப் பயப்பட வேணாம், ஐயா. இப்ப எங்ககிட்ட பிளாஸ்மாவ வெளிச்சத்துல வெச்சு வைரஸ செயலிழக்கப் பண்ற கருவி இருக்கு. உங்க பையும் அதுல போய்த்தான் வந்திருக்கு."

"சிவப்பு?"

"அதுக்கு அப்படி ஒண்ணு எங்ககிட்ட இல்ல. அந்த ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட சொல்லிட்டோம். ரெண்டு பேஷண்ட்டையும் பாத்துக்குவாங்க."

யார் அந்த இரண்டு பேர் என்று அர்ச்சுனன் கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஆனால் அதில் ஒருவர் யார் என்று மறுநாளே தெரிந்துவிட்டது. ஜெயபாலன் புஷ்பலீலாவுக்குப் போன் போட்டு, ஷர்மினிக்கு என்னவோ டெங்கி டெஸ்ட் எடுத்தார்கள், மணிக்கொருதரம் காய்ச்சல் பார்க்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கொசுவா என்ன என்று கேட்டார். மற்றவர்களுக்கும் எடுக்கிறார்களா என்று இவள் கேட்டதற்கு, இல்லை, அந்த வார்டில் இவளுக்கு மட்டும்தான் என்றார்.

அர்ச்சுனனின் இரண்டு பையில் ஒன்று ஷர்மினிக்குப் போயிருக்கிறது. எந்தப் பை என்பதுதான் தெரியவில்லை. மஞ்சள் என்றால் அவள் பிழைத்தாள். சிவப்பு என்றால், பிரசவத்தில் ரத்தமெல்லாம் இழந்துவிட்டுக் கிடக்கும் பெண்ணுக்கு மேலும் ரத்தம் கசிய வைக்கும் காய்ச்சலைத் தன் கையாலேயே கொடுத்தாயிற்று. அவருக்குத் தன் காய்ச்சல் இறங்கியதே தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. தினமும் புஷ்பலீலா ஏதாவது சாக்கு வைத்து ஜெயபாலன் வீட்டுக்குப் போன் பண்ணிப் பிள்ளைக்குப் பால் எப்படி, தாய்க்குக் காய்ச்சல் கீய்ச்சல் உண்டா என்று விசாரித்துக்கொண்டே இருந்தாள். இல்லை என்ற பதில் வரும்வரை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

அடுத்த வாரம் உடம்பு தேறியதும், ஒரு ரத்த மாதிரி கொடுத்துவிட்டுப் போகும்படி டாக்டர் பிரீத்தி கேட்டிருந்ததால் ஜொகூர் பாருவுக்கு பஸ் ஏறினார். காரை ஓட்டும் தெம்பு இல்லை. கூட வருகிறேன் என்ற மனைவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் பிரீத்திக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ரத்தம் எடுத்து முடித்ததும், பார்க்கிறீர்களா ஐயா என்று உள்ளே அழைத்துப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுப்புப் பெட்டி மாதிரி ஒரு கருவி. அதன் தட்டில் பிளாஸ்மாப் பைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். சாதாரணமாக வைக்கோல் நிறத்தில் இருக்கும் பிளாஸ்மா, அங்கே பச்சையும் நீலமுமாக, சாயம் போகும் துணியை அலசிய தண்ணீர் போல் இருந்தது. பெட்டியை மூடியதும் இடுக்கு வழியாக ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தது. தட்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நீலம் ஒரு சாயம் என்று டாக்டர் விளக்கினார். பழைய சாயம்தான், மருந்தாகவும் பயன்படுவது. வைரஸின் உள்ளே அது பெருகுவதற்கான குறிப்பு ஒரு நூல் மாதிரி இருக்கும். சாயம் போய் அந்த நூலில் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் பட்டதும் ஒட்டின இடத்தில் நூல் சிதைந்துவிடும். வைரஸ் பைக்குள் கிடந்தாலும் அதனால் பிறகு பெருக முடியாது. கடைசியில் சாயத்தை வடிகட்டி எடுத்துவிட்டு உறைய வைத்துவிடுவார்கள். சோதனை செய்கிற கிருமியை மட்டும்தான் சோதனையால் பிடிக்க முடியும், இது என்ன கிருமி என்று பெயர் கேட்காமலேயே டெங்கி மாதிரியானவற்றைக் கெடுத்துவிடும் என்றார்.

அர்ச்சுனன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்த்தார். யாரோ முகம் தெரியாதவர்கள், தன்னைப் போன்ற ஒருவன் பொய் சொல்லிவிட்டு வந்து படுப்பான் என்று முன்கூட்டியே நினைத்து அதைச் செய்து வைத்திருந்த மாதிரி அவருக்குத் தோன்றியது. அவருக்காக யாரோ வெட்கப்பட்டு, அவர் தப்பை மூடி வைத்திருக்கிறார்கள்.

"சிவப்புப் பையையும் இதுல வெச்சா என்ன, டாக்டர்?"

"வெளிச்சம் நுழையாது. அவ்வளவு அடர்த்தி. அணுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கிறதுகிட்ட சாயமும் போகாது. அதுக்கு வேற வழி தேடிக்கிட்டு இருக்காங்க."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபின் டாக்டர் குரலைத் தணித்தார். சிவப்புப் பை ஏற்றப்பட்டவருக்கு நேற்று முன்தினம் காய்ச்சல் ஆரம்பித்துவிட்டது. டெங்கிதான். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள்.

ஷர்மினி இரண்டு நாளைக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்று காலைகூட அவளுக்குக் காய்ச்சல் இல்லை என்று புஷ்பலீலா சொல்லித்தான் அனுப்பினாள். அப்படியென்றால் அவளுக்குப் போனது மஞ்சள். அர்ச்சுனன் நெஞ்சிலிருந்து அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. டாக்டருக்குக் கேட்கிற மாதிரியே வந்துவிட்டது.

மறு நொடியே அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. எதற்காக இந்த நிம்மதி? காய்ச்சலோடு கிடப்பது யாரோ ஒருவர் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம், யாரோ ஒருவர் தகப்பனாக இருக்கலாம். தெரிந்தவன் மகள் இல்லை என்பதற்காக அவர் மூச்சு விட்டிருக்கிறார். டாக்டர் அவர் முகத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்தும் அவரால் நிமிர முடியவில்லை. தன் காலணியைப் பார்த்துக்கொண்டே, வெகு நேரமாகக் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"டாக்டர், எனக்கு டெங்கின்னு செவ்வாக்கெழமையே தெரியும். அன்னைக்கே கூப்பிட்டிருந்தா?"

டாக்டர் பிரீத்தி பதில் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசிப்பது போல் இருந்தது. பிறகு சொன்னார்.

"அன்னைக்கு அந்தப் பை எங்க ஃபிரிட்ஜுல இருந்துச்சு, ஐயா."

அந்த நோயாளியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், யார் என்று மட்டும் சொல்லுங்கள் என்று அர்ச்சுனன் கெஞ்சினார். கொடுத்தவர் யார் என்று வாங்கியவருக்கும், வாங்கியவர் யார் என்று கொடுத்தவருக்கும் சொல்லக் கூடாது, அது உங்களைப் பாதுகாக்கவும்தான் என்றார் டாக்டர். அந்தக் கடைசி வார்த்தை அவரை இன்னும் சுட்டது. அந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்று மட்டும் சொல்கிறேன் என்று டாக்டர் வாக்குக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்து இருக்கைக்காரர் தும்மினால்கூட, இவருக்கும் காய்ச்சலோ என்று அர்ச்சுனன் திரும்பிப் பார்த்தார்.

ஊருக்குள் இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் நேரே ஜெயபாலனின் பட்டறைக்குப் போனார். ஜெயபாலன் ஒரு மோட்டார் சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அர்ச்சுனன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். காலையில் சுட்டது, மாத்திரை, மிஸ்ஸியிடம் சொன்ன பொய், மூன்று நாள் வாயைத் திறக்காமல் படுத்திருந்தது, நீ வந்து என் காலைத் தொட்டபோதும் சொல்லாமல் இருந்தது.

ஜெயபாலன் கையை ஒரு துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். முடிந்ததும், "எம்மகளுக்குப் போனது உங்க ரத்தமா?" என்று கேட்டார்.

பிளாஸ்மா மட்டும் என்றுதான் தெரிகிறது, அதை வெளிச்சத்தில் வைத்துக் கிருமியைக் கெடுத்துவிட்டார்கள், ஷர்மினிக்கு ஒன்றும் வராது என்று அர்ச்சுனன் சொன்னார். தான் சொல்லும்போதே அது தனக்காக வக்காலத்து வாங்குவது போல் அவர் காதிலேயே விழுந்தது.

"அந்த மெஷின் இல்லன்னா?"

ஜெயபாலன் திரும்பவும் குந்தி, சக்கரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு அர்ச்சுனன் வீட்டுக்கு நடந்தார்.

ஜெயபாலனின் பேரனுக்குப் பெயர் வைக்கும் விருந்துக்குத் தாமானில் எல்லா வீட்டுக்கும் அழைப்பு வந்தது, இவர்கள் வீட்டைத் தவிர. புஷ்பலீலா வாங்கி வைத்திருந்த குழந்தைச் சட்டையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அன்று பகல் முழுவதும் மேளச் சத்தமும் கறி வாசமும் அவர்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தன.

டாக்டர் பிரீத்தி வாக்கைக் காப்பாற்றினார். ஒரு நாள் ஆலையில் வேலையாக இருக்கும்போது கூப்பிட்டு, அந்த நோயாளிக்கு இடையில் மோசமாகி, தீவிர சிகிச்சைப் பிரிவு வரைக்கும் போய் மீண்டு, இப்போது வீட்டுக்குப் போய்விட்டார் என்றார். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லவில்லை. அர்ச்சுனன் கொதிகலனுக்குப் பின்னால் போய் நின்று முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து குளுவாங் சந்தையிலும் கிளினிக் வரிசையிலும் மெலிந்த முகம் எதையாவது கண்டால், இவராக இருக்குமோ என்று பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று.

அடுத்த முகாம் பற்றிப் பேசக் கோயில் நிர்வாகம் கூடியபோது நடந்ததை அவர்களிடமும் சொன்னார். எல்லோருக்கும் முன்னால் மைக்கில் சொல்லப் போவதாகவும் சொன்னார். தலைவர் தியாகராஜனுக்கு அது பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. வெளியே தெரிந்தால் நாளைக்கு ஒரு ஆளும் ரத்தம் கொடுக்க வரமாட்டான், நஷ்டம் யாருக்கு, படுக்கையில் கிடக்கிறவனுக்குத்தானே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அர்ச்சுனன் அதையே பல நாள் யோசித்தார். சொல்லாமல் இருப்பதற்கு நல்ல காரணம் ஒன்று கிடைத்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததைக் கண்டுபிடித்த பிறகுதான் முடிவுக்கு வந்தார்.

முகாம் அன்று பேனர் எதுவும் இல்லை. பத்து மணிக்கெல்லாம் மண்டபத்தில் நல்ல கூட்டம். அர்ச்சுனன் மைக்கைப் பிடித்தார். வழக்கமான கிண்டலை எதிர்பார்த்துச் சிலர் அப்போதே சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"போன தடவ நான் பொய் சொல்லிட்டு ரத்தம் குடுத்தேன்" என்று ஆரம்பித்தார். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆயிற்று. ஷர்மினியின் பெயரைச் சொல்லவில்லை. "பிளாஸ்மாவ மெஷின் காப்பாத்திடுச்சு. சிவப்பு ரத்தத்த வாங்கினவங்க ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாங்க. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. போய் மன்னிப்புக் கேக்க வழியில்ல. அதனால உங்ககிட்ட சொல்றேன். ஒடம்பு சரியில்லன்னா எழுந்து போயிடுங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லைதான். ஆனால் மண்டபம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின் வரிசையில் இரண்டு பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்கள். அது பயத்தினாலா, உடம்பு சரியில்லாததாலா, அவர்மேல் வந்த வெறுப்பினாலா, தெரியவில்லை. தியாகராஜன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பள்ளி வேன் ஓட்டும் வசந்தன் வரிசையில் முன்னால் நின்றிருந்தவர். அவரும் மெதுவாக நழுவி, தலையைக் குனிந்துகொண்டு, செருப்பைத் தேடினார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது அவர் காதின் சிவப்பிலேயே தெரிந்தது. அர்ச்சுனன் மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போய் அவரோடு வாசல்வரைக்கும் நடந்தார். நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு என்று வசந்தன் முணுமுணுத்தார். கூட வந்த பையன்கள் கேலி பண்ணுவார்களே என்றுதான் நின்றேன் என்றார். அர்ச்சுனன் அவருடைய வேன்வரைக்கும் போய், கதவைத் திறந்து ஏறி உட்காரும்வரை பக்கத்திலேயே நின்றார். அடுத்த தடவை வாங்க என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குக் கிடைத்தது வழக்கத்தில் பாதிகூட இல்லை. தியாகராஜன் சொன்னது நடந்தது. அர்ச்சுனன் அதற்கும் சேர்த்துத் தலையைக் குனிந்துகொண்டு, ரத்தம் கொடுத்தவர்களுக்கு மைலோ ஊற்றிக் கொடுக்கும் மேசையில் நின்றார். அவருக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குவளையை எடுக்க வந்த கையில் மோட்டார் எண்ணெய் கறை இருந்தது. முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. அர்ச்சுனன் நிமிர்ந்தார். ஜெயபாலன் அவரைப் பார்க்கவில்லை. குவளையை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"சீனி பத்தல" என்றார்.

அர்ச்சுனன் சீனிப் போத்தலைத் திறக்கப் போனார். மூடி இறுகியிருந்தது, திறக்க வரவில்லை. ஜெயபாலன் அதை வாங்கித் திறந்து, தானே போட்டுக் கலக்கிக்கொண்டார். மற்றவர்கள் போல் நாற்காலிக்குப் போய்விடாமல், குடித்து முடிக்கிறவரைக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார்.